கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்களுக்கு

கோபி, நம்பியூர், குன்னத்தூர், ஊத்துக்குளிப் பக்கமிருந்து தினமும் விடிகாலையில் திருப்பூருக்குக் கம்பெனி பஸ் ஏறும் அக்காக்களுக்கும் தங்கச்சிகளுக்கும் தம்பிகளுக்கும்,

22 வருஷம் உங்களோடு வந்தவள் எழுதுகிறேன். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, இடது பக்க ஜன்னல். இப்போது அந்த இடத்தில் யார் உட்காருகிறீர்களோ தெரியாது. மழை பெய்தால் கண்ணாடி இறங்காது, துண்டைச் செருகிக்கொள்ளுங்கள். முட்டிவலியால் போன வருஷத்தோடு நின்றுவிட்டேன். வாசல் திண்ணையில் ஒரு மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். ஆனாலும் ஆறரை மணிக்கு முக்கில் ஹாரன் சத்தம் கேட்டால் கை தானாகத் தூக்குப்போசியைத் தேடுகிறது.

எங்கள் ஊர் டீக்கடையில் தொகுதி மறுசீரமைப்புப் பற்றித்தான் பேச்சு. தமிழ்நாட்டுக்கு எத்தனை சீட்டு குறையும், வடக்கே எத்தனை கூடும் என்று ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. எனக்கு இருப்பது சின்னக் கவலை. எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் எல்லைக்கோட்டை அழித்துத் திரும்பப் போடுவார்கள். நம்முடைய திருப்பூர் மக்களவைத் தொகுதியை எந்த இடத்தில் வெட்டுவார்கள்? நம் பஸ் போகிற ரோட்டிலேயே வெட்டிவிட்டால்?

சிரிக்காதீர்கள். இந்தத் தொகுதியைப் பார்த்து முதலில் சிரித்தவளே நான்தான். 2008 வரை நமக்குக் கோபிச்செட்டிப்பாளையம் என்றே ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது. அதைக் கலைத்து, கோவைத் தொகுதியில் இருந்த திருப்பூரை இந்தப் பக்கம் இழுத்து ஒட்டினார்கள். 2009 மே மாதம் ஓட்டுப் போடப் போனபோது எங்கம்மா வரிசையில் நின்றுகொண்டே கேட்டது: "ஏண்டி, கோபிக்காரி நான் எதுக்குத் திருப்பூருக்கு ஓட்டுப் போடோணும்?" என்னிடம் பதில் இல்லை. மேப்பைப் பார்த்தால் அம்மா கேட்டது நியாயமாகத்தான் படும். ஒரு முனையில் கர்நாடக எல்லையில் பர்கூர் மலை. மறுமுனையில் காதர்பேட்டை பனியன் கடைகள். நடுவில் அந்தியூர் வெற்றிலை, பவானி ஜமக்காளம், கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, கோபி நெல், ஊத்துக்குளி வெண்ணெய். சட்டமன்றத் தொகுதிகளில் திருப்பூர் வடக்கும் தெற்கும் பெரும்பாலும் நகரம். பெருந்துறைக்குள் திருப்பூர், ஈரோடு இரண்டு மாவட்டமும் கலந்து கிடக்கும். பவானி, அந்தியூர், கோபி மூன்றும் ஈரோடு மாவட்டம்.

வேடிக்கை என்னவென்றால், திருப்பூர் மாவட்டத்து ஊர்கள் பலவும் திருப்பூர் தொகுதியிலேயே இல்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கிற அவிநாசி நீலகிரித் தொகுதி. பல்லடம் கோவை. உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சி. காங்கேயமும் தாராபுரமும் ஈரோடு. ஒரு மாவட்டம், ஐந்து எம்.பி. அவிநாசியில் தேர் பார்த்துவிட்டு வருகிறவர் ஊட்டி தேயிலைக்காரரோடு ஒரே பெட்டியில் ஓட்டுப் போடுகிறார். நம் கால்வாய்க்கெல்லாம் தண்ணீர் தருகிற பவானிசாகர் அணையும் நீலகிரித் தொகுதியில்தான் இருக்கிறது. கோடு போட்டவர்கள் தலை எண்ணிப் போட்டார்கள், ஊரைப் பார்த்துப் போடவில்லை என்றுதான் நானும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் எண்ணம் மாறியது பஸ்ஸில்தான். ஒரு நாள் குன்னத்தூர் தாண்டி ரோட்டோரம் பெரிய குழாய் உடைந்து தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி நனைந்து கும்மாளம். கிளீனர் தம்பி சொன்னான், "அக்கா, இது பவானித் தண்ணி. நம்மளாட்டவே டூட்டிக்குப் போகுது." அவன் விளையாட்டுக்குச் சொன்னான். அந்தக் குழாய் எந்தத் திட்டத்துக்கானது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதில், அவன் சொன்னது அப்படியே உண்மை. பவானி ஊருக்குப் பக்கத்தில் காவிரியிலிருந்து எடுத்து, 50 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் கொண்டுபோய்த்தான் 20 வருஷமாகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைக்கும் வீடுகளுக்கும் கொடுக்கிறார்கள். நாளைக்கு 18 கோடியே 50 லட்சம் லிட்டர் எடுக்கிற அளவுக்குக் கட்டிய திட்டம் அது. இப்போது அத்திக்கடவு–அவிநாசித் திட்டம். 60 வருஷத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்ட் 17-ல் திறந்தார்கள். பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரித் தண்ணீரை எடுத்து, மேட்டில் ஏற்றி, 1,045 குளம் குட்டைகளுக்கு விடுகிறது. எங்கள் ஊர்க் குட்டையில் நான் சின்னப் பிள்ளையில் பார்த்த தண்ணீரை என் பேத்தி இப்போது பார்க்கிறாள்.

தண்ணீர் போகிற வழியிலேயே ஆட்களும் போகிறோம். சனிக்கிழமை அதே வழியில் சம்பளம் திரும்பி வருகிறது. கோபியில் எத்தனை வீட்டில் நாற்று நடவுக் கூலியைத் திருப்பூர்ப் பீஸ் ரேட் காசில் கொடுக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நாம் ஓட்டுப் போட்டு வார்டு மெம்பரையும் எம்.எல்.ஏ.வையும் தேர்ந்தெடுக்கிறோம். அவர்களெல்லாம் நாம் தூங்குகிற ஊருக்கு. காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் நாம் இருக்கிற இடம் வேறொரு எம்.எல்.ஏ. தொகுதி. அங்கே நமக்கு ஓட்டு இல்லை, அதனால் நம்மை யாருக்கும் தெரியாது. கோபியில் கிளம்புகிற பஸ் ஒன்றரை மணி நேரத்தில் கோபி, பெருந்துறை, திருப்பூர் வடக்கு, தெற்கு என்று நாலு சட்டமன்றத் தொகுதியைத் தாண்டுகிறது. அந்த நாலுக்கும் பொதுவாக ஒரே ஆள்தான் உண்டு, எம்.பி. நம் வீட்டுக்கும் அவர்தான், நம் கம்பெனிக்கும் அவர்தான். "அது என் ஏரியா இல்லீங்க" என்று நம்மிடம் சொல்லவே முடியாத ஒரே மக்கள் பிரதிநிதி. இந்தத் தொகுதியைக் கோணலாக வரைந்ததில் நமக்குக் கிடைத்த லாபம் இது. 2009-லிருந்து இதைக் கையில் வைத்துக்கொண்டே நாம் உபயோகப்படுத்தவில்லை.

ஏன் என்று கேட்டால், ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் நம்மைப் பார்ப்பதே இல்லை. வேட்பாளர் வேன் நம் ஊருக்குப் பகல் பதினொரு மணிக்கு வரும். ஊரில் இருப்பது பெரியவர்களும் ஆட்டுக்குட்டிகளும். அவர்களிடம் கால்வாய், மஞ்சள் விலை, தேங்காய் விலை பேசுவார். சாயங்காலம் திருப்பூர் போய் முதலாளிமார் கூட்டத்தில் ஏற்றுமதி, வரி, டாலர் பேசுவார். நாம் இரண்டு இடத்திலும் இல்லை, ராத்திரி ஒன்பதரைக்கு பெருமாநல்லூர் தாண்டி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருக்கிறோம். எல்லாக் கட்சிக்கும் இது பொது. 2009-ல் சி.சிவசாமி, 2014-ல் வி.சத்யபாமா என்று இரண்டு முறை அ.தி.மு.க., 2019-லும் 2024-லும் இந்தியக் கம்யூனிஸ்ட் கே.சுப்பராயன். நான்கு தேர்தலிலும் ஒருவர்கூட நம் பஸ்ஸில் ஏறி ஒரு ஸ்டாப் வந்ததை நான் பார்க்கவில்லை. கம்யூனிஸ்ட் ஜெயித்ததில் ஆச்சரியமில்லை. 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் திருப்பூர். அந்த 127 நாளைப் பற்றி எங்கள் லைனில் இருந்த பெரியவர் ஒருவர் சொல்லிச் சொல்லி எனக்கே அங்கிருந்த மாதிரி இருக்கும். ஆனால் அது திருப்பூரிலேயே குடியிருந்து வேலை பார்த்தவர்களின் காலம். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கொடி பிடிக்கக்கூட நேரமில்லை. பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர முடியாது.

கையெழுத்துப் போட்டு எம்.பி.யிடம் கேட்க வேண்டியது எது, கேட்டுப் பயனில்லாதது எது என்று பிரித்துக்கொள்வது நல்லது. கீழ்பவானிக் கால்வாய்க்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்று நம் பஸ்ஸில் எத்தனை சண்டை. கடைமடைக்காரிக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டும். கால்வாய்க்குக் கீழே கிணறு வைத்திருக்கிறவளுக்குக் கசிவுத்தண்ணீர் நின்றுவிடக் கூடாது. ஒரே சீட்டில் உட்கார்ந்து ஒரே தேங்காய்ச் சட்னியைப் பகிர்ந்துகொண்ட இரண்டு பேர் இதற்காக மூன்று மாதம் பேசாமல் இருந்தது உங்களில் பழையவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டுக் கிணறு கசிவுக் கிணறு, அதனால் நான் யார் பக்கம் என்று சொல்ல வேண்டாம். ஆனால் அது மாநில அரசின் வேலை. எம்.பி.யிடம் கேட்டால் மனுவை வாங்கி வைத்துக்கொள்வார். சமுதாயக் கூடம், நிழற்குடை, போர்வெல்லும் கேட்க வேண்டாம். தொகுதி நிதி வருஷத்துக்கு 5 கோடி. 2024 தேர்தலில் நம் தொகுதியில் சுமார் 16 லட்சம் வாக்காளர் இருந்தார்கள். தலைக்கு 31 ரூபாய் சொச்சம் வருகிறது. டீயும் இரண்டு பஜ்ஜியும் சாப்பிட்டால் தீர்ந்தது. அதற்காக ஒருத்தரை டெல்லிக்கு அனுப்ப வேண்டுமா?

இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டைக் கேளுங்கள். அது டெல்லிச் சட்டம், நேராக எம்.பி.யின் வேலை.

2014-ல் எனக்கு ஆட்காட்டி விரலில் ஊசி ஏறியது. பேட்லாக் மிஷின். நகத்தைத் துளைத்து அந்தப் பக்கம் வந்து, உள்ளேயே முறிந்துவிட்டது. வலி உடனே வரவில்லை. வெள்ளைப் பீஸில் ரத்தம் பட்டுவிடப் போகிறதே என்று பீஸைத்தான் முதலில் நகர்த்தினேன். அந்தப் புத்தியை நினைத்தால் இப்போதும் எனக்கே கோபம் வருகிறது. சூப்பர்வைசர் பைக்கில் ஏற்றி ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். ஊசியை எடுத்தார்கள், கட்டுப் போட்டார்கள், பில்லைக் கம்பெனியே கட்டியது. நல்ல மனசு என்று நினைத்தேன். இ.எஸ்.ஐ.க்கு ஏன் போகவில்லை என்று பிறகுதான் புரிந்தது. அங்கே போனால் விபத்து என்று எழுத வேண்டும். எழுதியிருந்தால் எனக்கு லீவு நாளுக்குப் பணம் வந்திருக்கும். எழுதாததால் பன்னிரண்டு நாள் சம்பளமும் போய், சனிக்கிழமை கவரில் கிளினிக் பில்லில் பாதியும் பிடித்திருந்தார்கள். மாதம் தவறாமல் என் பேரில் பணம் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கார்டைக் கேட்டால் "ஆபீஸ்ல பத்திரமா இருக்குதுங்கக்கா" என்பார்கள்.

திருப்பூருக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வேண்டும் என்பது எத்தனை வருஷத்துக் கோரிக்கை! 2019 பிப்ரவரியில் பெருமாநல்லூரில் கூட்டம் போட்டு அடிக்கல் நாட்டினார்கள். நம் பஸ்ஸை அன்றைக்கு வேறு ரோட்டில் திருப்பிவிட்டது ஞாபகம் இருக்கும். நம்மைப் பொறுத்தவரை ஆஸ்பத்திரி திருப்பூரில் இருந்தால் மட்டும் போதாது. காய்ச்சல் கம்பெனி நேரம் பார்த்து வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நம்பியூரில் இருக்கும்போதும் வரும். பிடித்தம் செய்வது வேலை செய்கிற ஊரில், உடம்புக்கு வருவது குடியிருக்கிற ஊரில். இந்த இரண்டு முனையையும் பிடித்துக் கேட்க ஒரே ஆள் யார் என்று மேலே சொல்லிவிட்டேன். இ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு 21,000 ரூபாய் என்று 2017-ல் வைத்தார்கள். அதைத் தாண்டிய டைலர்கள் இப்போது வெளியே நிற்கிறார்கள். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

ரயிலும் டெல்லிச் சமாசாரம்தான். கோபியிலும் அந்தியூரிலும் பவானியிலும் ரயில் ஸ்டேஷன் கிடையாது. ஈரோட்டிலிருந்து சத்தியமங்கலம் வழியாகச் சாம்ராஜ்நகருக்கு ரயில் வரும் என்று எங்க தாத்தா காலத்திலிருந்து சொல்கிறார்கள். காட்டுக்குள் யானை வழி இருப்பதால் முடியாது என்றால், முடியாது என்று ஒருமுறை சொல்லிவிட்டு, கோபி வரைக்குமாவது பாதை போட முடியுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். நமக்கு மைசூர் போக வேண்டியதில்லை. திருப்பூர் போனால் போதும்.

மனு எழுதும்போது 2011-ஐ மறக்காதீர்கள் என்று புதிதாக வந்த பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நொய்யலில் ஓடிய சாயத்தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையைத் தாண்டிக் கரூர் வரைக்கும் விவசாயக் காட்டைக் கெடுத்தது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது. துணி சாயம் ஏறாமல் கட்டிங் டேபிள் காலி. வாரத்தில் இரண்டு நாள்தான் பஸ் வந்தது. அப்போது எங்கள் ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்தால் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "பாவம், வேலை போச்சா" என்பார்கள். அடுத்த வாயிலேயே, "பண்ணுன பாவம், ஆத்தைக் கெடுத்தீங்கல்ல" என்பார்கள். இரண்டுமே நியாயம்தான். விவசாயி வீட்டுப் பெண் சாயத்துணி தைத்தால் இரண்டு பக்கத்து வார்த்தையையும் வாங்கித்தான் ஆக வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், திருப்பூரில் மட்டும் இருக்கிறவருக்கும் கோபியில் மட்டும் இருக்கிறவருக்கும் தெரியாதது உங்களுக்குத் தெரியும். 2025 ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டபோது நடந்ததும் அப்படித்தான். டி.வி.யில் முதலாளிகள் நஷ்டக் கணக்குச் சொன்னார்கள். ஓ.டி. நின்றதில் நம் லைனில் எத்தனை பேர் நகையை அடகு வைத்தோம் என்று எந்த டி.வி.யிலும் வரவில்லை.

இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் லைனில் கைமடியாக, அதாவது டைலருக்கு உதவியாக, ஒரு பர்கூர் மலைப் பிள்ளை இருந்தாள். அவ்வளவு தூரம் தினமும் வர முடியாது, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குக் கூட்டிப்போய், அங்கே மாடு கொண்டுவந்திருந்த அவள் அப்பாவைக் காட்டினாள். செவலையில் வெள்ளைத் திட்டு அடித்த பர்கூர் மாடுகள், அந்த மனுஷன் விசில் அடித்தால் திரும்பிப் பார்க்கும். காட்டுக்குள் பட்டி போட்டு மேய்த்தால்தான் அந்த மாடு அந்த மாடாக இருக்கும். 2024 ஜனவரியில் அந்தக் காட்டைத் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். சரணாலயம் என்றால் மேய்ச்சலுக்குத் தடை வரும் என்று மலையில் பயம். அவள் அப்பா என்னிடம், "அம்மணி, எங்க எம்.பி. திருப்பூர்லதான இருக்கறாரு, நீ அங்கதான வேல செய்யற, பாத்தா சொல்லு" என்றார். பனியன் கம்பெனியில் பேட்லாக் ஓட்டுகிறவள் எம்.பி.யைப் பார்ப்பாள் என்று நம்புகிறார்! எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் நாடாளுமன்றம் போட்ட சட்டம். அவர் கேட்டது சரியான ஆளைத்தான். சொல்லியனுப்பிய ஆள்தான் போகவில்லை. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாகக் கோடு விஷயம். 1971 கணக்கெடுப்பை வைத்துத்தான் மாநிலத்துக்கு இத்தனை சீட்டு என்று நிறுத்தி வைத்தார்கள். 2026-க்குப் பிறகு எடுக்கிற முதல் கணக்கெடுப்பு வரை அப்படியே இருக்கட்டும் என்று 2001-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். போன தடவை மறுசீரமைப்பு ஆணையம் வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, கூட்டமும் நடத்தியது. கட்சிக்காரர்கள் போனார்கள். நம்மில் யாரும் போகவில்லை, இப்படி ஒன்று நடக்கிறது என்றே நமக்குத் தெரியாது. ஆணையம் உத்தரவு போட்டுவிட்டால் அதற்குமேல் கோர்ட்டுக்குப் போய் மாற்றுவதும் லேசில் முடியாது. அடுத்த தடவை வரைவு வருகிறபோது, பார்க்க அழகாக, திருப்பூர் நகரம் தனி, கோபி கிராமம் தனி என்று யாராவது நேர்க்கோடு போடப் பார்ப்பார்கள். மேப் அழகாகத்தான் இருக்கும். நமக்கு வேலை செய்கிற இடத்தில் கேட்க ஆள் இருக்காது. அந்தக் கூட்டத்துக்கு யாராவது இரண்டு பேர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். அந்தச் சம்பளத்தை பஸ்ஸில் வசூல் பண்ணிக் கொடுங்கள், நான் முதல் 100 ரூபாய் தருகிறேன்.

அதற்கு முன்னால் மனு. நோட்டு ஒன்று வாங்கி டிரைவர் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் இ.எஸ்.ஐ., இரண்டாவதில் ரயில், மூன்றாவதில் பர்கூர் மேய்ச்சல் என்று எழுதி, மீதியைக் காலியாக விட்டிருக்கிறேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் லைனில் இருக்கிற பிள்ளைகளுக்கு இங்கே ஓட்டு இல்லை. ஆனாலும் ஊசி எல்லோர் விரலிலும் ஏறும், அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் வேண்டாம், பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பீர்கள். வாரநாள் ராத்திரியும் ஆகாது. சனிக்கிழமை சம்பளக் கவரோடு திரும்புகிற பஸ்ஸில் கொடுங்கள். அன்றைக்கு மட்டும்தான் பெருமாநல்லூர் தாண்டியும் யாரும் தூங்குவதில்லை.

அன்புடன்,
மூன்றாவது வரிசை, இடது ஜன்னல்